கதீட்டர் வழி இரத்தநாளச் சிகிச்சை: எத்தனை செய்த பிறகு தனியாகச் செய்யலாம்?

இளநாளம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். இரத்தநாள அறுவை சிகிச்சை மேற்படிப்பில் கடைசி ஆண்டில் இருக்கிறேன். எங்கள் துறையில் இன்று பாதிக்கு மேற்பட்ட வேலை கத்தியைத் தொடாமலே நடக்கிறது. தொடையில் ஓர் ஊசித்துளை, அதன் வழியே கைடுவயர் என்ற வழிகாட்டிக் கம்பி, கதீட்டர் என்ற மெல்லிய குழாய், அடைப்பை விரிக்கும் பலூன், விரித்ததைத் திறந்தே வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாய். பெருந்தமனி வீக்கத்துக்கு உள்ளே பொருத்தும், துணி போர்த்திய ஸ்டென்ட் கிராஃப்ட். சுருள்சிரைக்கு லேசர்.

பயிற்சிப் பதிவேடு எங்களிடம் எண்ணிக்கை மட்டுமே கேட்கிறது. ஆஞ்சியோகிராம் (நாளப் படம்) இத்தனை, ஆஞ்சியோபிளாஸ்டி (பலூனால் விரிப்பது) இத்தனை என்று நிரப்பினால் கையெழுத்து கிடைத்துவிடும். ஆனால் ஒரே எண்ணிக்கையை முடித்த இருவரில் ஒருவரிடம் என் அம்மாவை நம்பி ஒப்படைப்பேன், மற்றவரிடம் ஒப்படைக்க மாட்டேன். இந்த வேறுபாட்டைப் பதிவேடு எங்கே காட்டுகிறது? சிமுலேட்டர் என்ற கணினிப் பயிற்சிக் கருவியில் பழகினால் எவ்வளவு தூரம் போகலாம்? திறந்த அறுவை சிகிச்சையை அரைகுறையாகக் கற்றுக்கொண்டு இதை மட்டும் செய்யப் போவது ஆபத்தா? அனுபவம் உள்ளவர்கள் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

பழைய கத்தி எழுதியது:

நல்ல கேள்வி அம்மா. இந்தக் கலை பிறந்த கதையையே பாருங்கள். 1953இல் செல்டிங்கர் ஊசி, கம்பி, குழாய் என்ற வரிசையைக் கண்டுபிடித்தார். அவர் கதிரியக்க மருத்துவர். 1964 ஜனவரியில் டாட்டர், கால் அழுகத் தொடங்கியிருந்தும் காலை வெட்ட மறுத்த 82 வயதுப் பெண்ணின் தொடைத் தமனி அடைப்பைக் கதீட்டராலேயே விரித்தார். அவரும் கதிரியக்க மருத்துவர். 1970களில் குருயென்ட்சிக் பலூனைக் கொண்டுவந்தார். 1990இல் பரோடி பெருந்தமனி வீக்கத்துக்குள் கிராஃப்ட் பொருத்தினார். அறுவை மருத்துவர்கள் இந்த வரிசையில் பின்னால்தான் சேர்ந்தோம். சேர்ந்தபோது எங்கள் விரல்கள் பழகியிருந்த எதுவும் உதவவில்லை. தமனியை விரலால் தொட்டுப் பார்த்து, எங்கே கல்லாகியிருக்கிறது, எங்கே மெலிந்திருக்கிறது என்று அறிந்தவர்கள் நாங்கள். இங்கே கையில் இருப்பது ஒரு மீட்டருக்கு மேல் நீளமான கம்பியின் வால்; கண்ணில் தெரிவது தட்டையான நிழல்.

எனவே கற்க வேண்டியவை மூன்று என்பேன். துளை போடுவது. கம்பியின் நுனியை ஒரு கணமும் பார்வையிலிருந்து தவறவிடாமல் இருப்பது. மூன்றாவது, காரியம் கெட்டால் என்ன செய்வது என்பது. முதல் இரண்டும் எண்ணிக்கையால் வரும். மூன்றாவது எண்ணிக்கையால் வராது, ஏனென்றால் நன்றாக முடிந்த நூறு நோயாளிகளிடம் அதைக் கற்க வாய்ப்பே இல்லை.

ஓர் உதாரணம். இடுப்புத் தமனியைப் பலூனால் விரிக்கும்போது அது கிழிந்துவிட்டது என்று வையுங்கள். சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் விழும். பதற்றத்தில் கம்பியை வெளியே இழுத்தவர் தன்னுடைய ஒரே வழியைத் தானே அடைத்துக்கொள்கிறார். கம்பி அப்படியே இருக்க வேண்டும். அதே பலூனைக் கிழிந்த இடத்தில் மீண்டும் மெதுவாக ஊதினால் இரத்தம் நிற்கும். நின்ற பிறகு உறையிட்ட ஸ்டென்டைக் கொண்டுவந்து வைக்கலாம். அந்த ஸ்டென்ட், சரியான அளவில், அறைக்குள்ளேயே இருக்கிறதா என்று தொடங்கும் முன்பே கேட்டவர்தான் எனக்குப் பாதுகாப்பான மருத்துவர். நோயாளி விழித்திருந்தால் அவரும் உங்களுக்கு எச்சரிக்கை தருவார்: பலூன் விரியும்போது கடுமையாக வலிக்கிறது என்றால் தமனியின் வெளிச்சுவர் இழுபடுகிறது என்று பொருள். அங்கே நிறுத்த வேண்டும். முழு மயக்கத்தில் அந்தக் குரல் நமக்குக் கிடைக்காது.

கம்பிவழி எழுதியது:

ஐயா சொன்ன மூன்றாவதைத்தான் சிமுலேட்டரில் கற்க முடியும் என்பது என் கருத்து. கிழிவு, இரத்த அழுத்த வீழ்ச்சி, தவறான கிளைக்குள் கம்பி நுழைவது ஆகியவற்றை நோயாளிக்கு எந்தத் தீங்கும் இல்லாமல் திரும்பத் திரும்ப நிகழ்த்திப் பழகலாம். 2006இல் வெளியான ஒரு சீரற்ற ஒப்பீட்டு ஆய்வில், கதீட்டரே பிடித்திராத 20 அறுவைப் பயிற்சி மருத்துவர்களைப் பிரித்து, பாதிப் பேருக்கு மட்டும் அதிகபட்சம் இரண்டு மணி நேரம் சிமுலேட்டர் பயிற்சி கொடுத்தார்கள். பிறகு எல்லோரும் உண்மையான நோயாளிகளிடம், மேற்பார்வையில், கால் தமனிச் சிகிச்சை செய்தார்கள். பயிற்சி பெற்றவர்களின் மதிப்பெண் தெளிவாகக் கூடுதலாக இருந்தது. இரண்டே மணி நேரம்! அமெரிக்காவில் 2004இல் கழுத்துத் தமனி ஸ்டென்டுக்கு அனுமதி தந்தபோது, அதைச் செய்யப்போகும் மருத்துவர்களின் பயிற்சித் திட்டத்தில் சிமுலேட்டரும் இடம்பெற்றது.

முதல் கிழிவை உயிருள்ள மனிதரிடம் சந்திக்க வைப்பது எந்த வகையிலும் நியாயமில்லை. சிமுலேட்டர் இல்லாத துறைகள் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய்களில் நீர் ஓடவிட்டாவது பழக்க வேண்டும்.

பழைய கத்தி எழுதியது:

பழகட்டும், தடை சொல்லவில்லை. ஆனால் சிமுலேட்டரின் தமனி சுண்ணாம்பேறிய உண்மைத் தமனியைப் போல எதிர்ப்பதில்லை. அங்கே நோயாளி இருமுவதில்லை, காலை அசைப்பதில்லை. தொடக்கக் கட்டத்தில் அது பெரிய உதவி. அதன் பிறகு பக்கத்தில் ஒருவர் நின்றே ஆக வேண்டும்.

எண்ணிக்கை போதாது என்பதற்கு எனக்குத் தெரிந்த கசப்பான சான்று கழுத்துத் தமனி ஸ்டென்ட்தான். அதைத் திறந்த அறுவையோடு ஒப்பிட்டுப் பிரான்சில் நடந்த ஈவிஏ-3எஸ் ஆய்வில், 12 முறை செய்தவர் தனியாகச் செய்யலாம். அந்த அளவை எட்டாதவரும் ஒரு வழிகாட்டியின் துணையோடு சேரலாம். 2006இல் முடிவு வந்தது: 30 நாட்களுக்குள் பக்கவாதம் அல்லது மரணம் ஸ்டென்ட் வைத்தவர்களில் 9.6%, திறந்த அறுவை செய்தவர்களில் 3.9%. ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள்.

எண்கணக்கன் எழுதியது:

நான் மருத்துவன் அல்லன்; மருத்துவத் தரவுகளைப் பகுப்பாய்வு செய்பவன். அந்த ஆய்வைப் பற்றி ஒரு திருத்தம். முடிவு வந்ததும் பலர் அனுபவக் குறைவையே காரணமாகச் சொன்னார்கள் என்பது உண்மை. ஆனால் ஆய்வாளர்கள் அனுபவமுள்ளவர், வழிகாட்டியோடு செய்தவர் என்று பிரித்துப் பார்த்தபோது உறுதியான வேறுபாடு தெரியவில்லை. ஒவ்வொரு பிரிவிலும் ஆட்கள் குறைவு என்பதால் அதை வைத்து எந்தப் பக்கமும் அடித்துச் சொல்ல முடியாது.

இளநாளம் கேட்ட கேள்விக்கு இன்னும் நேரடியான விடை 2014இல் வந்தது. ஈவிஏ-3எஸ், ஸ்பேஸ், ஐசிஎஸ்எஸ் ஆகிய மூன்று கழுத்துத் தமனி ஸ்டென்ட் ஆய்வுகளின் தரவையும் ஒன்றாகச் சேர்த்து, மருத்துவரின் அனுபவத்தை இரண்டு விதமாக அளந்தார்கள். வாழ்நாளில் மொத்தம் எத்தனை செய்திருக்கிறார் என்பது ஒன்று. ஆய்வுக் காலத்தில் ஆண்டுக்கு எத்தனை செய்கிறார் என்பது இன்னொன்று. வாழ்நாள் எண்ணிக்கைக்கும் நோயாளியின் கதிக்கும் தொடர்பு காணப்படவில்லை. ஆண்டு எண்ணிக்கைக்குத் தொடர்பு இருந்தது. ஆண்டுக்கு 5.6க்கு மேல் செய்தவர்களிடம் பக்கவாதம் அல்லது மரணம் 5.1%. 3.2 அல்லது அதற்கும் குறைவாகச் செய்தவர்களிடம் 10.1%. ஏறத்தாழ இரு மடங்கு.

பதிவேடு கூட்டிவைப்பது வாழ்நாள் எண்ணிக்கையை. என்றோ செய்த ஐம்பது, இந்த ஆண்டு செய்யும் மூன்றுக்கு ஈடாகாது.

ஒருவரின் தரத்தைக் கண்காணிக்க இன்னொரு வழியும் உண்டு. தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டுக்காக 1954இல் பேஜ் வகுத்த திரள் கூட்டு வரைபடம். பாதகம் இல்லாமல் முடிந்த ஒவ்வொரு சிகிச்சைக்கும் கோடு சிறிது இறங்கும். பாதகம் நேர்ந்தால் நன்றாக ஏறும். முன்கூட்டியே வரைந்த எல்லையைக் கோடு தாண்டினால் நிறுத்தி ஆராய வேண்டும். 1990களில் இதயக் குறைபாட்டோடு பிறந்த குழந்தைகளுக்கான அறுவையில், தன்னுடைய முடிவுகள் மோசமாகின்றனவா என்று ஓர் அறுவை மருத்துவரே இதைக் கொண்டு சோதித்து வெளியிட்டார். அந்த நேர்மை எனக்கு எப்போதும் வியப்பளிக்கிறது. கதீட்டர் சிகிச்சைக்கு இது மிகவும் பொருந்தும், ஏனென்றால் பாதகங்கள் அரிதாக, ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. ஆண்டு இறுதியில் சராசரி பார்க்கும்போது காலம் கடந்திருக்கும்.

ஒரே எச்சரிக்கை: கடினமான நோயாளிகளை ஏற்பவரின் கோடு இயல்பாகவே ஏறும். அதைக் கணக்கில் எடுக்காவிட்டால் எல்லோரும் எளிய நோயாளிகளையே தேடத் தொடங்குவார்கள்.

கதிர்க்கூடம் எழுதியது:

எக்ஸ்ரே கருவி இயக்கும் தொழில்நுட்பர் நான். இதுவரை ஒருவரும் கதிர்வீச்சைச் சொல்லவில்லை! நீங்கள் கற்கும் ஒவ்வொரு நிமிடமும் நோயாளியின் தோலிலும் உங்கள் கண்ணிலும் பதிகிறது.

பயிற்சி மருத்துவர்களிடம் நான் காணும் பழக்கம் ஒன்று: கம்பி நகராமல் நிற்கும்போதும், யோசிக்கும்போதும், பேராசிரியரிடம் பேசும்போதும் கால் எக்ஸ்ரேயை இயக்கும் மிதியின் மேல் இருக்கும். காலை எடுங்கள். கடைசிப் படம் திரையில் நின்றிருக்கும், அதைப் பார்த்தே யோசிக்கலாம். எக்ஸ்ரே குழாய் மேசைக்கு அடியில் இருக்கட்டும். படம் பிடிக்கும் தட்டு நோயாளியின் உடலை ஒட்டி இருக்கட்டும். தேவையான இடத்தை மட்டும் விட்டு ஓரங்களை மூடச் சொல்லுங்கள். நொடிக்கு எத்தனை எக்ஸ்ரே துடிப்பு என்பதைக் குறைக்கச் சொல்லுங்கள். கம்பியை நகர்த்த முழுத் தெளிவு தேவையில்லை. நாளங்களை எக்ஸ்ரேயில் காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தித் தொடர்படம் எடுக்கும்போது கதிர்வீச்சு, ஃப்ளூரோஸ்கோப்பி என்ற சாதாரண நேரடி எக்ஸ்ரேயைவிடப் பல மடங்கு. அப்போது உள்ளே நிற்க வேண்டியதில்லாதவர்கள் பின்னால் போகட்டும். தூரம் இரு மடங்கானால் அளவு கால் பங்காகும்.

உங்களைத் தாக்குவது பெரும்பாலும் நோயாளியின் உடலில் பட்டுச் சிதறும் கதிர். காரீயக் கவச உடை உடலைக் காக்கும், கண்ணைக் காக்காது. கண்வில்லைக்கான ஆண்டுக் கதிர்வீச்சு வரம்பைச் சர்வதேச கதிரியக்கப் பாதுகாப்பு ஆணையம் 2011இல் 150 மில்லிசீவர்ட்டிலிருந்து 20க்கு இறக்கியது. முன்பு நினைத்ததைவிடக் குறைந்த அளவிலேயே கண்புரை வருகிறது என்பதே காரணம். காரீயக் கண்ணாடியும் கூரையிலிருந்து தொங்கும் தடுப்பும் அலங்காரத்துக்கு இல்லை.

நோயாளிக்கும் ஒரு கடமை உண்டு. கருவி காட்டும் கதிர்வீச்சு அளவு 5 கிரேயைத் தாண்டினால், அல்லது ஃப்ளூரோஸ்கோப்பி 60 நிமிடத்தைத் தாண்டினால், அதை எழுதிவைத்து, முதுகுத் தோலில் சிவப்போ புண்ணோ வருகிறதா என்று சில வாரங்கள் கழித்துப் பார்க்க வேண்டும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத முதுகுப் புண்ணோடு நோயாளி தோல் மருத்துவரிடம் போய் நிற்கக் கூடாது.

வார்டு விளக்கு எழுதியது:

கதீட்டர் கூடத்திலும் வார்டிலும் பணியாற்றும் செவிலியர். எல்லோரும் தமனிக்குள் நடப்பதையே பேசுகிறீர்கள். நான் பார்க்கும் தொல்லைகளில் பெரும்பகுதி அந்த ஊசித்துளையில்தான் இருக்கிறது.

துளை, தொடை எலும்பின் தலைக்கு நேராகப் பொதுத் தொடைத் தமனியில் விழுந்தால், பிறகு கையால் அழுத்த அடியில் எலும்பு இருக்கிறது. மேலே போய்விட்டால் அழுத்துவதற்கு அடியில் ஒன்றும் இல்லை; இரத்தம் வயிற்றின் பின்பக்கம் தேங்கும். தொடையில் வீக்கமே தெரியாது. நோயாளி முதுகு வலிக்கிறது என்பார், வியர்ப்பார், நாடி வேகமாகும், அழுத்தம் குறையும். படுத்துப் படுத்து முதுகு வலிக்கிறது என்று வலி மாத்திரை எழுதிவிட்டுப் போன பயிற்சி மருத்துவர்களை நான் திரும்ப அழைத்திருக்கிறேன். கீழே போய்விட்டால், கசிந்த இரத்தம் தமனிக்கு வெளியே பை போலத் தேங்கும் பொய் வீக்கம், அல்லது தமனிக்கும் சிரைக்கும் இடையே வழி உண்டாவது.

அல்ட்ராசவுண்ட் பார்த்துத் துளை போடுங்கள். 2010இல் வெளியான ஃபௌஸ்ட் என்ற ஆய்வில் அல்ட்ராசவுண்டோடு முதல் குத்திலேயே வெற்றி 83%; எக்ஸ்ரே வழிகாட்டலில் 46%. துளை தொடர்பான சிக்கல்கள் 1.4%க்கு எதிராக 3.4%. அறையின் மூலையில் கருவி இருந்தும் நேரமில்லை என்று தடவிப் பார்த்துக் குத்துவதை என்னால் ஏற்க முடியவில்லை.

தொடங்கும் முன் நிறுத்திச் சரிபார்ப்பதை ஒப்புக்கு வாசிக்காதீர்கள். சிறுநீரகம் எப்படி, கான்ட்ராஸ்ட் ஒவ்வாமை உண்டா, சர்க்கரை நோய்க்கான மெட்ஃபார்மின் சாப்பிடுகிறாரா, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரின் எவ்வளவு, எப்போது கொடுத்தோம் என்ற ஒவ்வொன்றுக்கும் உரக்கப் பதில் வேண்டும். முடிந்ததும் பாதத்து நாடியைப் பாருங்கள். சிகிச்சைக்குப் போகும் முன் எந்த நாடி இருந்தது என்று குறித்திருந்தால்தான் முடிந்த பிறகு பார்ப்பதில் பயன் உண்டு.

இளநாளம் எழுதியது:

இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. நன்றி.

எனக்கு ஒன்று இன்னும் பிடிபடவில்லை. நிறுத்துவது எப்போது? அடைப்பைக் கம்பி கடக்கவில்லை, ஒரு மணி நேரம் ஆகிவிட்டது, இன்னும் ஒரு கம்பி மாற்றிப் பார்க்கலாம், இன்னும் ஒரு கோணம் என்று போய்க்கொண்டே இருக்கிறது. அந்த நேரத்தில் நிறுத்துவது தோல்வி போலத் தோன்றுகிறது. பார்த்துக்கொண்டிருக்கும் பேராசிரியர் என்ன நினைப்பார் என்ற எண்ணமும் வருகிறது.

பழைய கத்தி எழுதியது:

நிறுத்தும் இடத்தைக் கூடத்துக்குள் போகும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள் அம்மா. இவ்வளவு கான்ட்ராஸ்ட், இவ்வளவு நேரம், இவ்வளவு கதிர்வீச்சு. அதைச் செவிலியரிடமும் தொழில்நுட்பரிடமும் சொல்லிவையுங்கள். எல்லை வந்ததும் அவர்கள் சொல்வார்கள். உள்ளே ஆழ்ந்துவிட்டவருக்கு நேரம் தெரியாது. எல்லையை எட்டியதும் கையை எடுத்துவிட்டு மேற்பார்வையாளரை அழைப்பது என் மதிப்பீட்டில் கூடுதல் மதிப்பெண் பெறும் செயல். என் பயிற்சி மாணவர்களுக்கு அப்படித்தான் எழுதுகிறேன்: எத்தனை செய்தார் என்பதன் பக்கத்தில், எங்கே உதவி கேட்டார், கேட்டது சரியான நேரமா என்று.

காலைக் காப்பாற்ற வேறு வழி இருக்கிறது என்று தெரிந்தவருக்கே நிறுத்தும் துணிவு வருகிறது. திறந்த அறுவையைக் கற்காதவருக்கு அந்த அடைப்பைத் தாண்டுவதைத் தவிர வேறு வழி தெரியாது, அதனால் விடமாட்டார். அடைப்பைச் சுற்றி மாற்றுவழி தைக்கும் பைபாஸுக்குப் பயன்பட்டிருக்க வேண்டிய நல்ல தமனிப் பகுதியையும் கெடுத்துவிட்டுத்தான் நிற்பார். உங்கள் மூன்றாவது கேள்விக்கு என் விடை இதுதான்.

கம்பிவழி எழுதியது:

இதில் ஐயாவோடு முழுமையாக உடன்பட முடியவில்லை. பைபாஸையும் கதீட்டர் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2023இல் வந்த பேசில்-2 ஆய்வில், முழங்காலுக்குக் கீழே அடைப்பு உள்ளவர்களில் கதீட்டர் சிகிச்சையை முதலில் பெற்றவர்களே கால் இழக்காமல் உயிரோடு இருப்பதில் முன்னணியில் இருந்தார்கள். முதன்மைக் காரணம் மரணங்கள் குறைந்தது. வயதான, இதயம் பலவீனமான நோயாளியிடம் பைபாஸ் தெரியும் என்பதற்காக அதைச் செய்வதும் ஆபத்துதான்.

பழைய கத்தி எழுதியது:

2022இல் வந்த பெஸ்ட்-சிஎல்ஐ ஆய்வு, நல்ல சிரை காலில் இருப்பவருக்குப் பைபாஸை முதலில் செய்வதே மேல் என்றது. இரண்டு ஆய்வுகளும் வெவ்வேறு நோயாளிகளைப் பார்த்தவை. அதனால்தான் சொல்கிறேன்: இவருக்கு எது என்று தீர்மானிப்பவர் இரண்டையும் செய்யத் தெரிந்தவராக, அல்லது இரண்டையும் செய்பவர்களோடு ஒரே மேசையில் உட்கார்ந்து பேசுபவராக இருக்க வேண்டும்.

கம்பிவழி எழுதியது:

ஒரே மேசை என்பதை ஏற்கிறேன். ஒரே ஆள் என்பதைத்தான் ஏற்கவில்லை.

அப்பாவுக்காக எழுதியது:

நான் மருத்துவத் துறையைச் சேர்ந்தவன் இல்லை. தேடும்போது இந்த இழை கிடைத்தது. பாதி புரிந்தது, பாதி பயமுறுத்தியது. என் அப்பாவுக்குச் சில ஆண்டுகளுக்கு முன் வயிற்றுப் பெருந்தமனி வீக்கத்துக்கு உள்ளே ஸ்டென்ட் கிராஃப்ட் வைத்தார்கள். வயிற்றைத் திறக்கவில்லை, விரைவில் வீடு திரும்பினார். நன்றாக இருக்கிறார். முதல் ஓராண்டுக்குப் பிறகு பரிசோதனைக்குப் போகவில்லை. வலியே இல்லையே என்கிறார். போக வேண்டுமா?

பழைய கத்தி எழுதியது:

கட்டாயம் போக வேண்டும் தம்பி. பயப்பட வேண்டாம், ஆனால் தள்ளிப்போடவும் வேண்டாம்.

காரணத்தைச் சொல்கிறேன். பிரிட்டனில் நடந்த ஈவார்-1 ஆய்வில், உள்வழிச் சிகிச்சை பெற்றவர்களில் 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் 1.7%, வயிற்றைத் திறந்து செய்தவர்களில் 4.7%. தொடக்கத்தில் இது பெரிய நன்மை, அப்பாவுக்கும் அது கிடைத்தது. ஆனால் 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்டபோது, 8 ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை மாறியிருந்தது. உள்வழிச் சிகிச்சை பெற்றவர்களிடம் மரணம் கூடியது. பழைய வீக்கம் மீண்டும் வெடித்தது அதற்கு ஒரு காரணம்.

கிராஃப்ட் தமனியோடு தைக்கப்படவில்லை. அழுத்தத்தாலும் சிறு கொக்கிகளாலும் பிடித்து நிற்கிறது. ஆண்டுகள் போகப்போக அது நழுவலாம், ஓரத்தில் இரத்தம் கசியலாம், வெளியே உள்ள பை மறுபடி பெரிதாகலாம். இவை எவற்றுக்கும் வலி இருக்காது. ஸ்கேனில் மட்டுமே தெரியும். பை சுருங்கியிருந்தால் மகிழ்ச்சி. பெரிதாகியிருந்தால் பெரும்பாலும் மறுபடியும் கதீட்டர் வழியாகவே சரிசெய்யலாம், ஆனால் வெடிக்கும் முன் கண்டுபிடித்தால்தான்.

போகும்போது பழைய சிடி ஸ்கேனின் குறுந்தகடும், வைத்த கிராஃப்டின் பெயர், அளவு எழுதிய அட்டையும் கொண்டுபோங்கள். சிறுநீரகப் பரிசோதனை முடிவும் இருக்கட்டும். அது சரியில்லை என்றால் கான்ட்ராஸ்ட் இல்லாமல் அல்ட்ராசவுண்டிலேயே பையின் அளவைப் பார்க்கலாம். பையின் விட்டம் முன்பு எத்தனை மில்லிமீட்டர், இப்போது எத்தனை என்று கேட்டு எழுதி வாங்குங்கள். நடுவில் திடீரென்று முதுகிலோ வயிற்றிலோ கடும் வலி, மயக்கம் வந்தால் பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். கிராஃப்ட் வைத்திருக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.

அப்பாவுக்காக எழுதியது:

மிக்க நன்றி ஐயா. அட்டை இருக்கிறது, குறுந்தகட்டைத் தேடுகிறேன். நாளைக் காலை மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசித் தேதி வாங்கிவிடுகிறேன்.

வார்டு விளக்கு எழுதியது:

குறுந்தகடு கிடைக்காவிட்டால் கவலை வேண்டாம், தம்பி. சிகிச்சை செய்த மருத்துவமனையின் ஸ்கேன் பிரிவில் பழைய படங்களைச் சேமித்து வைத்திருப்பார்கள். அப்பாவின் பதிவு எண்ணைச் சொல்லி நகல் கேளுங்கள்.